இலண்டன் பூங்காக்களும் பொதுமக்களும்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் இலண்டனிலே என் தமையனார் வீட்டில் மூன்று வாரம் தங்கியிருக்க நேர்ந்தது. கிழக்கு இலண்டனில் பஸ் சாரதியாக வேலை செய்யும் அவருக்கு ஞாயிற்றுக்கிழமைதான் ஓய்வு. முதல் ஞாயிறு அவர் என்னை அழைத்துச் சென்ற இடம் விக்டோரியாப் பூங்கா. வாயிலண்டையில் அனுமதிச் சீட்டு விற்கும் இடத்தைத் தேடி நான் தயங்கி நின்றதைக் கண்டு சிரித்துவிட்டு, "வா தம்பி, இஞ்சை காசு ஒண்டும் இல்லை. ராணி சனத்துக்கெண்டு விட்ட காணி" என்றார்.

"ராணி விட்ட காணி" என்ற அந்தச் சொற்றொடர் என் மனத்தை விட்டு அகலவில்லை. நகரைச் சுற்றிப் பார்க்க வருவோர்க்காக எழுதப்பெற்ற கைந்நூல்களிலும் இதே தொனியைத்தான் காண்கிறோம். இன்ன அரசன் இன்ன ஆண்டில் இப்பூங்காவைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டான். இன்ன கோமகன் இக்குளத்தை அமைப்பித்தான். நம்மூர்க் கோயிற் கேணியிலும் தண்ணீர்ப்பந்தலிலும் உபயகாரர் பெயரைப் பொறிப்பது போன்றதொரு வரலாறு அது. எஞ்சிய நாட்களில் அம்மாநகரின் பூங்காக்களைப் பார்ப்பதிலும், ஊர் திரும்பியபின் அவற்றின் வரலாற்றைத் தேடிப் படிப்பதிலும் ஈடுபட்டேன். தமையனார் சொன்னது சரியன்று என்ற முடிபுக்கு வந்திருக்கிறேன். அவரைக் குறை கூறுவதற்கில்லை. அந்நாட்டிலே பிறந்து வளர்ந்தோருட் பலரும் அவ்வாறே நம்புகின்றனர்.

பூஞ்சோலைக்குள் யார் புகலாம் என்ற வினா தமிழ் படித்தவர்க்குப் புதியதன்று. மலர் கொய்யச் செல்லவேண்டிய மணிமேகலைக்கு எந்தச் சோலை தகும் என்று சுதமதி ஆராயும் இடம் நினைவிருக்கலாம். இலவந்திகைச் சோலை வேண்டாம், அங்கே அரசனைச் சார்ந்தவர்கள் இருப்பார்கள் என்கிறாள். ஒவ்வொன்றாகத் தள்ளி ஈற்றில் உவவனத்துக்குப் போகிறார்கள். அங்கும் அரசகுமாரன் தேரேறி வந்துவிடுகிறான்! மாணவனாயிருந்த காலத்தில் அப்பகுதியை இயற்கை வருணனை என்றே படித்துவந்தேன். ஒரு நகரத்தின் சோலைகள் யாருக்கு உரியவை, பெண்ணொருத்தி எங்கே அஞ்சாமல் நடக்கலாம் என்னும் கணக்கும் அதில் அடங்கியிருப்பது இலண்டனிலேதான் எனக்கு உறைத்தது.

இலண்டனின் நடுவிலே பரந்து கிடக்கும் அரச பூங்காக்களுட் பெரும்பாலானவை ஒரு காலத்தில் வேட்டைக்காடுகளாயிருந்தவை. ஹைட் பூங்கா அமைந்துள்ள நிலம் வெஸ்ட்மின்ஸ்டர் மடத்துக்கு உரியதாயிருந்தது. மடங்களின் சொத்துக்களைக் கைப்பற்றிய எட்டாம் ஹென்றி 1536இல் அந்நிலத்தையும் எடுத்து, வேலியிட்டு மான் வளர்த்தான். நூறாண்டு கழித்து, 1637இல், முதலாம் சார்ள்ஸ் அதனைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டான் என்பர். அந்நாளிற் 'பொதுமக்கள்' என்ற சொல் வண்டியும் குதிரையும் உடையோரையே பெரிதும் குறித்தது.

1649இல் அதே சார்ள்ஸின் தலை கொய்யப்பட்டது. அவனுடைய காணிகளுக்கு நேர்ந்தது என்ன? 1652இல் பாராளுமன்றம் ஹைட் பூங்காவைத் துண்டுதுண்டாக விற்றது. வாங்கியவர் வாயிலிலே காவலாள் நிறுத்திக் கட்டணம் அறவிட்டார். வண்டிக்கு ஒரு ஷில்லிங்கும் குதிரைக்கு ஆறு பென்சும் கேட்கிறார்கள் என்று ஜோன் ஈவ்லின் 1653இல் தம் நாட்குறிப்பிலே வெறுப்போடு எழுதிவைத்திருக்கிறார். மன்னனை வீழ்த்திய புரட்சி வேட்டைக்காட்டை மக்களிடம் கொடுக்கவில்லை. பணமுடையோர் கைக்கு மாற்றியது. எட்டே ஆண்டில் அடுத்த சார்ள்ஸ் திரும்பி வந்து விற்ற காணியை மீட்டுக்கொண்டான்.

அடுத்த நூற்றாண்டிலும் நிலைமை பெரிதும் மாறவில்லை. இரண்டாம் ஜோர்ஜ் காலத்திலே கென்சிங்டன் தோட்டம் சனிக்கிழமைகளில், அதுவும் அரச குடும்பம் ஊரில் இல்லாத வேளையில், திறக்கப்பட்டது. தக்க உடை உடுத்தியோர் மட்டுமே புகலாம். போர்வீரர், மாலுமிகள், சீருடை அணிந்த வேலைக்காரர் ஆகியோர்க்கு இடமில்லை. நாட்டுக்காகச் சண்டையிடும் சிப்பாய் அரசனின் புல்லை மிதிக்கக்கூடாது! அவ்வரசனின் தேவி கரோலினுக்கு அதுவும் போதவில்லை. சென்ற் ஜேம்ஸ் பூங்காவை முற்றாக அடைத்துத் தன் அரண்மனைக்குத் தோட்டமாக்கினால் என்ன செலவாகும் என்று முதன்மந்திரி வோல்போலிடம் கேட்டாளாம். ஒரேயொரு கிரௌண்தான் செலவாகும் என்று அவர் பதிலளித்தாராம். கிரௌண் என்பது ஐந்து ஷில்லிங் நாணயம். அரசமுடிக்கும் அதுவே பெயர். கதை உண்மையோ பொய்யோ, அரசியாருக்கு அந்தச் சிலேடை விளங்கியிருக்க வேண்டும். பூங்கா அடைக்கப்படவில்லை.

ஆனால் இவையெல்லாம் மேற்கு இலண்டனின் கதை. தமையனார் என்னை அழைத்துச் சென்ற பூங்கா கிழக்கே உள்ளது. அதன் பிறப்புக்குக் காரணம் வேறு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கிழக்கு இலண்டன் துறைமுகத் தொழிலாளரும், வேலையிழந்துகொண்டிருந்த ஸ்பிற்றல்பீல்ட்ஸ் நெசவாளரும், தையற்காரரும் நெருங்கி வாழ்ந்த பகுதி. ஒரே அறையிலே ஒரு குடும்பம். ஒரே குழாயடியில் ஒரு தெரு. 1832இல் வாந்திபேதி இலண்டனைத் தாக்கியது. மறு ஆண்டிலே பொது நடைவெளிகள் பற்றி ஆராய்ந்த பாராளுமன்றக் குழு, தொழிலாளர் செறிந்து வாழும் கிழக்குப் பகுதியில் மூச்சுவிடத்தக்க வெளியே இல்லையென்று அறிக்கை செய்தது. அறிக்கை அறிக்கையாகவே கிடந்தது. 1839இல் வில்லியம் பார் என்னும் புள்ளிவிவர அறிஞர், பிறப்பு இறப்புப் பதிவாளர் நாயகத்தின் முதலாவது ஆண்டறிக்கையிலே, கிழக்கு இலண்டனிற் பூங்காவொன்று அமைந்தால் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான சாவுகளைத் தடுக்கலாம் என்று எழுதினார். பூங்கா என்பது அழகுப் பொருள் அன்று, ஆயுட்காலத்தைப் பற்றிய விஷயம் என்பதை இவ்வளவு வெளிப்படையாகக் கூறிய அரசாங்க ஆவணம் அதற்கு முன் இருந்திருக்குமா என்பது ஐயமே. 1840இல் முப்பதினாயிரம் பேர் கையொப்பமிட்ட மகஜர் ஒன்று விக்டோரியா அரசிக்கு அனுப்பப்பட்டது.

'ராணி விட்ட காணி'யின் தொடக்கம் இதுதான். முப்பதினாயிரம் பேர் கேட்டார்கள். அதற்குப் பின்பே சட்டம் வந்தது. மேல்தட்டினர் இணங்கியதற்கு இரக்கம் மட்டும் காரணமன்று. வாந்திபேதி கிழக்கிலிருந்து மேற்கே நடந்து வரக்கூடியது. சாசன இயக்கமும் அவ்வாறே நடந்து வரக்கூடியது. வாக்குரிமை கேட்டுத் தொழிலாளர் இலட்சக்கணக்கில் ஒன்றுதிரண்ட காலம் அது என்பதை மறந்துவிடலாகாது.

பூங்காவுக்கு வேண்டிய பணம் வந்த வழியும் நோக்கற்பாலது. 1841ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மேற்கே இருந்த யோர்க் மாளிகையின் குத்தகை உரிமையைச் சதர்லாந்துக் கோமகனுக்கு 72,000 பவுணுக்கு விற்று, அப்பணத்தைக் கொண்டு கிழக்கே நிலம் வாங்கினார்கள். சதர்லாந்துக் குடும்பம் எத்தகையது? ஸ்கொத்லாந்தின் வடக்கே ஆயிரக்கணக்கான குடியானவர்களைத் தலைமுறை தலைமுறையாக அவர்கள் வாழ்ந்த நிலத்தினின்றும் விரட்டி, குடிசைகளைக் கொளுத்தி, அந்நிலத்தைச் செம்மறியாட்டுப் பண்ணைகளாக்கிய குடும்பம். கார்ல் மார்க்ஸ் 1853இல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றிலே அக்குடும்பத்தைக் கடுமையாகச் சாடி எழுதினார். வடக்கே நிலமிழந்தவர்களின் பணம் கிழக்கு இலண்டனில் நிலமற்றவர்களின் பூங்காவாயிற்று. வாங்கிய நிலம் முழுவதையும் பூங்காவாக்கினார்களா என்றால் அதுவும் இல்லை. ஓரங்களைச் செல்வர் வீடுகளுக்கென ஒதுக்கி விற்று ஈடுசெய்வது திட்டத்தின் ஒரு பகுதி.

ஜேம்ஸ் பென்னதோர்ன் திட்டமிட்ட அப்பூங்கா 1845இல் மக்கள் பாவனைக்கு வந்தது. வேலை முற்றாக முடியுமுன்னரே மக்கள் உள்ளே நுழைந்துவிட்டார்கள். வீட்டிலே குளிக்க வசதியில்லாத தொழிலாளர் கோடைகாலத்து அதிகாலையில் அதன் குளத்தில் நீராடிவிட்டு வேலைக்குப் போனார்கள். நாங்கள் சென்ற அன்று அக்குளத்திலே தாராக்களும் வாடகைத் தோணிகளுமே காணப்பட்டன. சற்றுத் தள்ளி, 1862இல் ஏஞ்செலா பேர்டெற் கூட்ஸ் என்ற சீமாட்டி கட்டுவித்த குடிநீர் மண்டபம் கோயிற் கோபுரம் போல நிமிர்ந்து நிற்கிறது. சுத்தமான குடிநீர் அருமையாயிருந்த காலத்தில் அது பேருபகாரமே, மறுக்கவில்லை. பின்னர் வில்லியம் மொறிஸ் அங்கே பொதுவுடைமை பேசினார். அன்னி பெசன்ட் பேசினார். பிற்காலத்தில் இந்தியக் காங்கிரசுக்குத் தலைமை தாங்கியவர் அவரேதான். காற்று வாங்குவதற்கென்று கொடுத்த வெளியை மக்கள் பேசுவதற்குப் பயன்படுத்தினர். கொடுத்தவர்கள் இதை எதிர்பார்க்கவில்லை.

எதிர்பார்த்த இடத்தில் அவர்கள் செய்த வேலை வேறு. தெற்கு இலண்டனிற் கென்னிங்டன் பொதுவெளி என்றொரு திடல் இருந்தது. 1848 ஏப்ரல் 10ஆம் திகதி சாசன இயக்கத்தினர் தம் மூன்றாவது மகஜரைப் பாராளுமன்றத்துக்குக் கொண்டுசெல்ல அங்கே கூடினர். ஐரோப்பாவெங்கும் அரியணைகள் ஆடிய ஆண்டு அது. அரசியும் குடும்பத்தினரும் வைற் தீவுக்கு அனுப்பப்பட்டார்கள். நகரைக் காக்கும் பொறுப்பு முதுமையடைந்த வெலிங்டன் பிரபுவிடம் ஒப்படைக்கப்பட்டது. தேம்ஸ் நதிப் பாலங்கள் மறிக்கப்பட்டன. கூட்டத்தை நதியைக் கடக்க விடாமல், மகஜரை மட்டும் வாடகை வண்டிகளில் ஏற்றி அனுப்ப இசைந்தனர். அன்றைய கூட்டத்தைக் கில்பேர்ன் என்பவர் எடுத்த நிழற்படம் இன்றும் உண்டு. மக்கட் கூட்டமொன்றை எடுத்த மிகப் பழைய படங்களுள் அது ஒன்று. இலண்டன் சாசனவாதிகளின் தலைவர்களுள் ஒருவர் வில்லியம் கபே. கறுப்பினத்தவர், தொழிலாற் தையற்காரர். அவருக்கு அதே ஆண்டில் நாடுகடத்தல் தண்டனை விதித்து, பின்னர் தாஸ்மேனியாவுக்கு அனுப்பினர். (அதே 1848 ஜூலையிலேதான் வரிகளை எதிர்த்து மாத்தளை மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். இலண்டனில் அப்போது முதன்மந்திரி ஜோன் ரசல் பிரபு. மாத்தளையிற் சுட்டுக்கொல்ல ஆணையிட்ட தேசாதிபதி டொரிங்டன் அவருடைய உறவினர்.)

கென்னிங்டன் பொதுவெளிக்கு என்ன நடந்தது? 1852இல் அதனை வேலியடைக்கச் சட்டம் இயற்றினர். 1854இல் பூச்செடிகளும் நடைபாதைகளும் இரும்புவேலியும் அமைந்த கென்னிங்டன் பூங்கா திறக்கப்பட்டது. கூட்டம் கூடிய இடத்திலே பூப்பாத்தி. எல்லோருக்கும் பொதுவாயிருந்த நிலம் எல்லோரும் பார்க்கத்தக்க அழகிய நிலமாக மாறியது. ஆனால் வாயிற்கதவு பூட்டுவதற்கு உரியதாயிற்று. பூங்கா அமைத்தல் எப்பொழுதும் மக்களுக்குக் கிடைத்த வெற்றி என்று நாம் எண்ணிவிடக்கூடாது. எது பூங்காவானது, அதற்கு முன் அது என்னவாயிருந்தது என்று கேட்கவேண்டும்.

இனி ஹைட் பூங்காவுக்குத் திரும்புவோம். 1855இல் ஞாயிற்றுக்கிழமை வணிகத்தைத் தடுக்கும் மசோதா ஒன்று பாராளுமன்றத்துக்கு வந்தது. சனி இரவிலே கூலி பெறும் தொழிலாளிக்கு ஞாயிறு காலைதான் சந்தை நாள் என்பதைப் பிரபுக்கள் எண்ணவில்லை. ஜூன் 24ஆம் திகதி ஞாயிறு பிற்பகல், செல்வர்கள் வழக்கம்போல ஹைட் பூங்காவிலே வண்டியில் உலாவந்தபோது, வழியின் இருமருங்கும் தொழிலாளர் கூடிநின்று, கோயிலுக்குப் போங்கள் என்று அவர்களைப் பார்த்துக் கூவினர். ஏழைக்கு விதித்த ஞாயிற்று ஒழுக்கம் பிரபுவின் வண்டிக்காரனுக்கும் குதிரைக்கும் இல்லையோ என்பது அதன் பொருள். அந்தக் கூட்டத்தில் நின்றவர்களுள் மார்க்சும் லீப்க்னெக்டும் இருந்தார்கள். மார்க்ஸ் அதைப் பற்றி ஜெர்மன் பத்திரிகைக்கு எழுதிய கட்டுரையில் ஆங்கிலப் புரட்சி தொடங்கிவிட்டதென்றே உற்சாகப்பட்டார். அது மிகை என்பதைக் காலம் காட்டியது. எனினும் மறுவாரம் பொலிசார் தடியால் அடித்தும் கூட்டம் குறையவில்லை, மசோதா மீளப்பெறப்பட்டது.

பதினோராண்டு கழித்து நடந்தது இன்னும் பெரிது. அக்காலத்தில் வளர்ந்த ஆண்களுள் ஏறத்தாழ ஐவருக்கு ஒருவர்தான் வாக்காளர். வாக்குரிமையை விரிவாக்கும் மசோதா 1866இல் தோல்வியுற்றது. சீர்திருத்தச் சங்கத்தினர் ஜூலை 23ஆம் திகதி ஹைட் பூங்காவிற் கூட்டம் அறிவித்தார்கள். மார்க்ஸ் முன்னின்று நடத்திய சர்வதேசத் தொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்த ஒட்ஜர், கிறெமர் முதலியோரும் அச்சங்கத்திற் பங்கு கொண்டிருந்தனர். கூட்டம் கூடாது என்றார் பொலிஸ் ஆணையாளர் றிச்சர்ட் மேய்ன். வாயில்கள் அடைக்கப்பட்டன. சங்கத் தலைவர் எட்மண்ட் பீல்ஸ் வாயிலுக்கு வந்து, அனுமதி கேட்டு, மறுக்கப்பட்டதும், ஒரு வழக்கறிஞருக்குரிய அமைதியோடு திரும்பித் திரபல்கர் சதுக்கத்துக்குப் போய்விட்டார். பின்னால் வந்த கூட்டம் போகவில்லை. சாய்ந்து நின்ற சிலர் இரும்புவேலி ஆடுவதைக் கண்டார்கள். அசைத்துப் பார்த்தார்கள். வேலி விழுந்தது. மூன்று நாள் பூங்கா மக்கள் கையில் இருந்தது. பொலிசாரோடும் பட்டாளத்தோடும் மோதல் நடந்தது. உள்நாட்டு மந்திரி வோல்போல் சங்கத் தூதுக்குழுவினர் முன்னிலையிற் கண்ணீர் விட்டார் என்று பேசிக்கொண்டார்கள்.

1867 மே 6ஆம் திகதி மீண்டும் கூட்டம் அறிவிக்கப்பட்டது. அரசாங்கம் தடுத்து அறிவித்தல் ஒட்டியது; படையை ஆயத்தம் செய்தது. ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் கூடினர். யாரும் தடுக்கவில்லை, தடுக்க முடியவில்லை. வோல்போல் பதவி துறந்தார். ஆகஸ்ட் மாதத்தில் இரண்டாவது சீர்திருத்தச் சட்டம் நிறைவேறி நகரத் தொழிலாளருள் ஒரு பெரும்பகுதியினர் வாக்குரிமை பெற்றனர். வேலி விழுந்ததனால் மட்டும் சட்டம் வந்தது என்று சொல்வது வரலாற்றை எளிமைப்படுத்துவதாகும். கட்சிகளின் பூசலும் திஸ்ரேலியின் தந்திரமும் அதிற் கலந்திருந்தன. ஆனால் விழுந்த வேலியை மறந்து, திஸ்ரேலியை மட்டும் நினைவிலிருத்தும் பாடநூல்களே அதிகம்.

இவ்விடத்து இலக்கியம் கற்பிப்போர்க்கு ஒரு செய்தி. வேலி விழுந்த அந்நாட்களிலே செஸ்டர் சதுக்கத்தில், அயலவராகிய பொலிஸ் ஆணையாளர் மேய்னின் யன்னல்களுக்கு மக்கள் கல்லெறிவதைப் பார்த்தவர்களுள் ஒருவர் மத்தியூ ஆர்னல்ட். கவிஞர், ஒக்ஸ்போர்ட்டிலே கவிதைப் பேராசிரியர், உத்தியோகத்தாலோ பாடசாலை இன்ஸ்பெக்டர். (இன்ஸ்பெக்டர்மாரை அறிந்த நம் ஆசிரியர்களுக்கு அதிகம் சொல்லவேண்டியதில்லை.) 1869இல் நூலாக வெளிவந்த அவருடைய 'பண்பாடும் அராஜகமும்' பிறந்தது இந்த அச்சத்திலிருந்தே. பண்பாடு என்பது உலகிற் சிந்திக்கப்பட்டவற்றுட் சிறந்ததை அறிதல் என்று அவரைப் பின்பற்றி நாமும் பரீட்சைக்கு எழுதியிருக்கிறோம். அதே நூலின் முதற்பதிப்பில், கலகக்காரருட் சாதாரணரைச் சவுக்காலடித்துத் தலைவர்களை மலையுச்சியினின்று தள்ளிவிடவேண்டும் என்ற தம் தந்தையாரின் யோசனையை அவர் மெச்சி எடுத்துக்காட்டியிருந்தார். பின்வந்த பதிப்பில் அதை நீக்கிவிட்டார். நான் அந்நூலைப் படித்த காலத்தில் வேலியைப் பற்றியும் அறியவில்லை, நீக்கிய பகுதியைப் பற்றியும் அறியவில்லை. இலக்கியக் கோட்பாட்டை அது பிறந்த தெருவிலிருந்து பிரித்துக் கற்றால் இந்நிலைதான் ஏற்படும்.

1872இல் வந்த பூங்காக்கள் ஒழுங்குச் சட்டம் இன்ன இடத்திற் பேசலாம் என்று வரையறுத்தது. ஹைட் பூங்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள பேச்சாளர் முனை அதன் வழிவந்தது. பேச்சுச் சுதந்திரத்தின் சின்னம் என்று அதைக் காட்டுகிறார்கள். பூங்கா முழுவதையும் கேட்டவர்களுக்கு ஒரு மூலை கிடைத்தது என்றும் கொள்ளலாம். அம்மூலைக்கு அருகேதான் 1783 வரை ரைபேர்ன் தூக்குமரம் இருந்தது. 1908 ஜூன் 21ஆம் திகதி வாக்குரிமை கேட்ட பெண்கள் இருபது மேடைகள் அமைத்து ஹைட் பூங்காவை நிறைத்தார்கள். 2003 பெப்ருவரி 15ஆம் திகதி ஈராக் போரை எதிர்த்த ஊர்வலம் அங்கேதான் முடிந்தது.

நம்மவரும் அந்நகரத்துப் புல்வெளியிலே நின்றிருக்கிறார்கள். 2009 ஏப்ரல் தொடக்கம் ஜூன் வரை பாராளுமன்றச் சதுக்கத்திலே தமிழர்கள் இரவுபகலாகக் கூடியிருந்தார்கள். தமையனாரும் வேலை முடித்து அங்கே போய் நின்றவர். இப்பொழுது அச்சதுக்கத்திலே கூடாரம் அடிப்பதற்கும் படுத்துறங்குவதற்கும் 2011ஆம் ஆண்டுச் சட்டம் தடைவிதிக்கிறது. அதை நான் சொன்னபோது அவர், "அப்ப எங்களுக்குப் பிறகு வந்த சனம் என்ன செய்யுது?" என்று மட்டும் கேட்டார்.

சதுக்கங்களைப் பற்றி ஒரு வார்த்தை. மேற்கு இலண்டனிற் செல்வர் வீடுகளின் நடுவே அழகிய தோட்டங்கள் பல உள. வேலிக்கூடாகப் பார்க்கலாம், உள்ளே போக முடியாது. சுற்றியுள்ள வீட்டாரிடமே திறப்பு உண்டு. இரண்டாம் உலகப்போரில் இரும்பு வேண்டுமென்று வேலிகளைக் கழற்றியபோது அவை சில காலம் எல்லோர்க்கும் பொதுவாயின. போர் முடியுமுன்னரே வேலிகள் திரும்ப வரத் தொடங்கியதை ஜோர்ஜ் ஓர்வெல் 1944இற் கண்டித்து எழுதினார். இன்றும் பூட்டியே கிடக்கின்றன.

கடைசி ஞாயிறு கியூ தாவரத் தோட்டத்துக்குப் போனோம். இதற்குக் காசு உண்டு. இருவருக்குமான சீட்டு, பஸ் சாரதி ஒருவரின் இரண்டு மூன்று மணிநேர உழைப்பு. கியூவும் அரச குடும்பத்தின் தோட்டமாயிருந்து, 1840இல் அரசாங்கத்துக்கு மாற்றப்பட்டது. 1841இல் வில்லியம் ஹூக்கர் அதிபரானபோது வந்து பார்த்தவர்கள் ஏறத்தாழ 9,000 பேர்தான். 1853இல் ஞாயிற்றுக்கிழமையும் திறக்கத் தொடங்கியபின் தொழிலாளர் குடும்பங்கள் பெருந்தொகையாக வந்தன. ஆனால் பிற்பகலில் மட்டுமே அனுமதி. காலையிலும் திறக்கவேண்டுமென்று 1870களிலே மக்கள் இயக்கம் நடத்தினர். தந்தைக்குப் பின் அதிபரான ஜோசெப் ஹூக்கர் இணங்கவில்லை. தோட்டம் விஞ்ஞானத்துக்கு உரியது, விளையாட்டுக்கு அன்று என்பது அவர் வாதம்.

அந்த விஞ்ஞானம் என்ன? பூட்டிய வாயிலுக்குப் பின்னால் நடந்த வேலை இலங்கைவரை நீள்கிறது. மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகும் கொயினா மரத்தைத் தென்னமெரிக்காவிலிருந்து பெயர்த்தெடுத்துக் குடியேற்ற நாடுகளில் நடுவதற்குக் கியூ நடுநாயகமாயிருந்தது. நமது ஹக்கலைத் தோட்டம் 1861இல் அதற்கெனவே ஏற்பட்டது. 1869இல் இலங்கையின் கோப்பிச் செடிகளில் இலைநோய் தோன்றித் தோட்டங்கள் அழியத் தொடங்கின. முதலாளிகளுக்கு வேறு பயிர் வேண்டியிருந்தது. 1876இல் ஹென்றி விக்கம் என்பவர் அமேசன் காட்டிலிருந்து 70,000 இறப்பர் விதைகளைக் கியூவுக்குக் கொண்டுவந்தார். கொண்டுவந்தாரா, திருடிவந்தாரா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அவற்றுள் 1,900க்கு மேற்பட்ட நாற்றுக்களைக் கண்ணாடிப் பெட்டிகள் 38இல் அடைத்து அதே ஆண்டில் இலங்கைக்குக் கப்பலேற்றினர். அவற்றுக்காகவே கம்பஹாவுக்கு அருகில் ஹேனரத்கொடைத் தோட்டம் அமைக்கப்பட்டது. களுத்துறையிலும் கேகாலையிலும் இரத்தினபுரியிலும் பின்னர் பரந்த இறப்பர்த் தோட்டங்களுக்கு மூலம் இதுவே. அத்தோட்டங்களிலே பால் வெட்டியவர்களுள் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட நம் தொழிலாள மக்கள் பல்லாயிரவர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. ஞாயிறு பிற்பகலிலே பெட்டியிற் சோறு கட்டி வந்து கண்ணாடி மாளிகையில் ஈச்சமரங்களை அண்ணாந்து பார்த்த இலண்டன் தொழிலாளிக்கும், அதே தோட்டத்து நாற்றுக்கு அடிமையான களுத்துறைத் தொழிலாளிக்கும் இடையே இருந்த உறவை இருவருக்கும் யாரும் சொல்லவில்லை.

ஊர் திரும்பியபின், மார்கழி விடுமுறையில், உயர்தர வகுப்பு மாணவர் பதினெண்மரை ஹேனரத்கொடைக்கு அழைத்துச் சென்றேன். எங்கள் பாடசாலை வன்னியில் உள்ளது. விடியற்காலம் மூன்று மணிக்கே பஸ் ஏறினோம். வாயிலிற் சீட்டு வாங்கி உள்ளே போய், பழைய இறப்பர் மரங்கள் நிற்கும் பகுதியிலே நான் கியூவையும் கண்ணாடிப் பெட்டிகளையும் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். மாணவன் ஒருவன் இடையிட்டு, "சேர், எங்கட அம்மாச்சி களுத்துறைப் பக்கந்தான் பால் வெட்டினவ. எழுபத்தேழு கலவரத்தோட வன்னிக்கு வந்தவை" என்றான். மற்றவர்கள் எப்படி வெட்டுவது என்று கேட்டார்கள். மரங்களைத் தொடக்கூடாது என்று அறிவித்தல் இருந்தது. அவன் மரத்துக்கு ஒரு சாண் இப்பால் நின்று, சுட்டுவிரலை இடப்பக்கம் மேலேயிருந்து வலப்பக்கம் கீழே சாய்வாக, வெறுங்காற்றிலே மெல்ல இழுத்துக் காட்டினான். அம்மாச்சி இவ்வளவு ஆழந்தான் கத்தியை விடுவாவாம், அதற்கு மேற்போனால் மரம் காயப்பட்டுவிடுமாம். கங்காணி கூலியில் வெட்டுவானாம்.